கம்பளமும் பளிங்கும்: இரண்டு வீடுகளின் வரலாறு

தமிழ் வகுப்பறையில் ‘அலங்காரம்’ என்ற சொல்லுக்கு மரியாதை அதிகம். தண்டியலங்காரம் நடத்தும்போது உவமை, உருவகம், வேற்றுமை என்று ஒவ்வொன்றாக எழுதிப் போடுகிறேன். மாணவர்கள் குறிப்பெடுக்கிறார்கள், தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்குக் கேள்வி வருகிறது. அதே சொல் வகுப்பறையை விட்டிறங்கி வீட்டு வாசலை மிதித்ததும் இளைத்துவிடுகிறது. வீட்டலங்காரம் என்றால் வார இதழின் பின்பக்கம். வேலையற்ற, வசதியான பெண்களின் பொழுதுபோக்கு. முற்போக்குத் தோழர்கள்கூட அந்தச் சொல்லைக் கொஞ்சம் சிரிப்போடுதான் சொல்கிறார்கள்.

எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடில்லை. அதற்காக வீட்டலங்காரத்தை வாழ்த்திப் பாடவும் இந்தக் கட்டுரையை எழுதவில்லை. பழைய கைநெசவுக் கம்பளம், அலங்காரப் பளிங்கு ஆகிய இரண்டு பொருள்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெருநகரங்களின் பழம்பொருள் கடைகளிலும் வசதியான அடுக்குமாடி வீடுகளின் வரவேற்பறைகளிலும் இவை பெரும்பாலும் சேர்ந்தே காணப்படுகின்றன. தரையில் பாரசீகக் கம்பளம். மேலே லஸ்தர் விளக்கு, அல்லது மேசைமேல் அமெதிஸ்ட் கல். இவை ஒரு வீட்டுக்குள் வருவதற்குமுன் எந்த வீட்டில் இருந்தன என்பதுதான் என் கேள்வி. இவற்றில் பெரும்பகுதி தொழிற்சாலையிலிருந்து வரவில்லை, இன்னொரு வீட்டிலிருந்தே வந்தது.

முதலில் ஒரு பெயரைப் பார்ப்போம். உலகத்தில் மிக அதிகமாகப் பேசப்பட்ட கம்பளம், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அர்தபீல் கம்பளம். நீளம் பத்தரை மீட்டர், அகலம் ஐந்து மீட்டருக்கு மேல். ஈரானின் அர்தபீல் நகரத்தில் ஷேக் சஃபியின் அடக்கத்தலத்துக்காக நெய்யப்பட்டது. அதன் ஒரு முனையில் பாரசீகக் கவிதை வரிகளும், அவற்றுக்குக் கீழே ஒரு பெயரும் ஆண்டும் நெய்யப்பட்டிருக்கின்றன. பெயர், காஷானைச் சேர்ந்த மக்சூத். ஆண்டு, ஹிஜ்ரி 946, அதாவது கி.பி. 1539-40. 1893இல் வில்லியம் மாரிஸ் பரிந்துரைத்து, 2,000 பவுண்டுக்கு அருங்காட்சியகம் அதை வாங்கியது. அர்தபீலில் இருந்தது ஒன்றல்ல, ஒரு ஜோடி. சிதைந்திருந்த ஒன்றைச் செப்பனிட மற்றொன்றை வெட்டியெடுத்தார்கள் என்பது பிற்பாடுதான் வெளியே தெரிந்தது. வெட்டுப்பட்டதில் மிஞ்சியது இன்று லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறது.

மக்சூத் நெய்தவராக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. நெசவை மேற்பார்த்த அரசவை அலுவலராக இருக்கலாம் என்பது அருங்காட்சியகத்தாரின் கருத்து. அதில் சுமார் இரண்டு கோடியே அறுபது லட்சம் முடிச்சுகள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒருவர் ஒரு நாளைக்கு ஆறாயிரம் முடிச்சு போடுவார் என்று வைத்துக்கொண்டால், ஒற்றை ஆளுக்கு 4,300 நாட்களுக்கு மேல் ஆகும். பலர் வரிசையாக உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் நெய்திருக்கிறார்கள். அவர்கள் ஆண்களா, பெண்களா, சிறுவர்களா என்று அந்தக் கம்பளம் சொல்லாது. இரண்டரைக் கோடி முடிச்சில் ஒரு பெயருக்குத்தான் இடம் கிடைத்தது.

பெயர் விஷயத்தில் நம்மூரும் வேறுமாதிரி இல்லை. எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பவானி ஜமக்காளம் கிடந்தது. கல்யாணம், காதுகுத்து, இழவு எல்லாவற்றுக்கும் அதைத்தான் விரிப்பார்கள். அதன் ஓரத்தில் தாத்தாவின் பெயரும் ஊரும் பெரிய எழுத்தில் நெய்யப்பட்டிருந்தன. காசு கொடுத்தவர் பெயர். நாடா போட்டவர் பெயர் இல்லை. அவருக்குத் தார் சுற்றிக் கொடுத்த மனைவி, மகள் பெயர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நெசவு வீடுகளில் நூல் பிரிப்பது, இழைப்பது, தார் சுற்றுவது எல்லாம் பெண்கள் செய்வது. கூலி பேசும்போது தறிக்குக் கூலி பேசுவார்கள். தார் அதற்குள் அடங்கிவிடும்.

இனி கம்பளம் விரித்த வீட்டுக்குப் போவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதி, லண்டன். அதுவரை நடுத்தர வர்க்க வீடுகளில் இயந்திரத்தில் நெய்த கம்பளத்தைச் சுவரோடு சுவர் ஒட்டி, ஆணியடித்து விரிப்பது வழக்கம். ரோஜாப்பூ நிஜப் பூவைப்போலவே காலடியில் மலர்ந்திருக்கும். சார்லஸ் ஈஸ்ட்லேக் 1868இல் வெளியிட்ட வீட்டு ரசனைக் குறிப்புகள் நூலில் இதைக் கடுமையாகக் கேலி செய்தார். கீழைநாட்டுக் கம்பளமே மேல், அதையும் தரையின் ஓரத்தை விட்டு நடுவில் விரிக்க வேண்டும் என்றார். நல்ல வடிவத்தையும் மோசமான வடிவத்தையும் பிரித்தறியும் திறமை தமக்கு இருப்பதாகப் படித்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், நினைத்துக்கொள்கிறார்கள் என்ற கிண்டலும் அதே நூலில் இருக்கிறது. வீட்டை அழகாக வைத்துக்கொள்வது அவள் கடமை. எது அழகு என்று சொல்வது அவர் உரிமை!

இந்த இடத்தில்தான் ஏக்னஸ் காரெட்டும் ரோடா காரெட்டும் வருகிறார்கள். இருவரும் உறவுக்காரப் பெண்கள். ஏக்னஸின் ஓர் அக்கா எலிசபெத் காரெட் ஆண்டர்சன், பிரிட்டனில் மருத்துவராகத் தகுதிபெற்ற முன்னோடி. தங்கை மில்லிசென்ட் ஃபாசெட், பெண்கள் வாக்குரிமை இயக்கத்தின் தலைவர். கட்டடக் கலை அலுவலகத்தில் பயிற்சி பெறப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், இந்த இருவரும் ஜே.எம். பிரைடன் என்ற கட்டடக் கலைஞரிடம் பயிற்சி பெற்று, 1870களின் நடுவில் வீட்டு உள்ளலங்கார நிறுவனம் ஒன்றைச் சொந்தமாகத் தொடங்கினார்கள். லண்டன் கோவர் தெருவின் 2ஆம் எண் வீடுதான் அவர்களுடைய குடியிருப்பும் தொழிலிடமும். பிரிட்டனில் இத்தொழிலை நடத்திய முதல் பெண்கள் என்று இவர்களைக் குறிப்பிடுவது வழக்கம். 1876இல் வீட்டலங்கார யோசனைகள் என்று இருவரும் சேர்ந்து எழுதிய நூலை மாக்மில்லன் வெளியிட்டது. ரோடா வாக்குரிமை மேடைகளில் புகழ்பெற்ற பேச்சாளர். 1882இல் அவர் இறந்தபிறகு ஏக்னஸ் தனியாகத் தொழிலை நடத்தினார். வேலைக்குப் போகும் தனித்த பெண்கள் குடியிருக்க லண்டனில் குடியிருப்புகள் கட்டிய முயற்சியிலும் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

எனக்கு இவர்களை மிகவும் பிடிக்கும். பெண்ணுக்கு ‘இயல்பு’ என்று ஊர் சொன்ன ஒரு வேலையை எடுத்து, அதற்குப் பயிற்சி, கட்டணம், ரசீது, பெயர்ப்பலகை எல்லாவற்றையும் கொடுத்தார்கள். வீட்டுக்குள் கூலியில்லாமல் கரைந்துகொண்டிருந்த ஒரு திறமை சம்பாத்தியமானது. அந்தச் சம்பாத்தியத்தின் நிழலில்தான் வாக்குரிமைப் பேச்சுகளும் நடந்தன. பெண்ணிய வரலாற்றில் வீட்டலங்காரத்துக்கு உள்ள இந்த இடத்தைச் சிரித்து ஒதுக்க முடியாது.

ஆனால் அந்தக் காலத்து ரசனை கேட்ட கம்பளம் எங்கிருந்து வந்தது? காரெட் பெண்கள் தொழில் நடத்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் மான்செஸ்டரைச் சேர்ந்த ஸீக்லர் என்ற வணிக நிறுவனம் ஈரானின் சுல்தானாபாத்தில் கிளை அமைத்தது. இன்று அந்த ஊருக்கு அராக் என்று பெயர். லண்டன், நியூயார்க் வரவேற்பறைகளின் அளவுக்கும் நிறத்துக்கும் பொருந்தும் வடிவங்களை நிறுவனம் கொடுக்கும். சாயம் தோய்த்த கம்பளியும் முன்பணமும் கொடுக்கும். தறி, நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் அவரவர் வீட்டில் இருக்கும். நெய்பவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும். கணக்கு பேசுவதும் பணம் வாங்குவதும் வீட்டு ஆண்கள். பீடி சுற்றும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. இலையும் தூளும் கொடுத்துக் கட்டை வாங்கிக்கொண்டு போகும் அதே முறைதான்.

சுல்தானாபாத்தின் நெசவாளிப் பெண்ணுக்கும் வீடுதான் உலகம். அவளுடைய வீடு தொழிற்கூடமாக இருந்ததால் இன்னொருத்தியின் வீடு ‘வீடாக’, அதாவது வேலையின் அடையாளமே இல்லாத ஓய்விடமாக, இருக்க முடிந்தது. அந்தக் கம்பளங்களை இன்றைக்கும் வியாபாரத்தில் ‘ஸீக்லர்’ என்றே அழைக்கிறார்கள். நிறுவனத்தின் பெயர் பொருளின் பெயராகிவிட்டது.

சிறைகளும் கம்பளம் நெய்தன. பிரிட்டிஷ் இந்தியாவில் ஆக்ரா, லாகூர், எரவாடா சிறைகளின் கம்பளங்களுக்குப் பெரிய பெயர். விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்காக ஆக்ரா சிறைக் கைதிகள் நெய்த பெருங்கம்பளம் விண்ட்சர் கோட்டையின் வாட்டர்லூ மண்டபத்தில் விரிக்கப்பட்டது. அது ஆண் கைதிகளின் கதை. இங்கே அதற்குமேல் போக விரும்பவில்லை.

முடிச்சு என்று சொல்கிறோமே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். செங்குத்தாக இழுத்துக் கட்டிய பாவு நூல்களில் இரண்டைப் பிடித்து, கம்பளி இழையைச் சுற்றி, முன்னால் இழுத்து, கத்தியால் நறுக்க வேண்டும். ஒரு வரிசை முடிந்ததும் ஊடை நூலை ஓட்டி, கனத்த சீப்பால் அடித்து இறுக்க வேண்டும். பிறகு அடுத்த வரிசை. நெருக்கமாக நெய்ய நெய்ய விரல் மெல்லியதாக இருப்பது வசதி என்று சிறுமிகளை உட்கார வைத்தார்கள். மெல்லிய விரல் என்ற இந்த நியாயம் தீப்பெட்டி ஆலை வரைக்கும் நமக்குப் பழக்கமானது. உண்மையான காரணம் மெல்லிய கூலி.

ஈரானியப் பட்டறைகளில் எனக்கு வியப்பாக இருந்தது, வடிவத்தை வாய்விட்டு ஓதும் வழக்கம். எத்தனை சிவப்பு, எத்தனை நீலம், எங்கே விட்டுப் போடுவது என்று ஒருவர் ராகமாகச் சொல்ல, தறியில் இருப்பவர்கள் திருப்பிச் சொல்லிக்கொண்டே முடிச்சுப் போடுவார்கள். படிக்கத் தெரியாத பிள்ளைகள் ஒரு முழுத் தோட்டத்தையும் காதால் கேட்டு நெய்தார்கள். கம்பளத்தை வாய்மொழி இலக்கியம் என்று வகுப்பில் ஒருநாள் சொன்னபோது மாணவிகள் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்த ராகத்துக்குப் பின்னால் இருந்த உடல்களைப் பற்றி கெர்மான் நகரத்திலிருந்து ஒரு சாட்சியம் கிடைக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெர்மான் கம்பளங்களுக்கு அமெரிக்காவில் பெரும் கிராக்கி. ஈரப்பதம் இருந்தால் பாவு அறுந்துபோகாது என்பதால் தறிகளைத் தரைக்குக் கீழே, வெளிச்சம் புகாத அறைகளில் வைத்திருந்தார்கள். ஐந்து ஆறு வயதிலேயே பிள்ளைகள் தறிக்கு முன்னால் பலகையில் குந்த ஆரம்பிப்பார்கள். விடிந்தது முதல் இருட்டும் வரை. வெயில் இல்லை, சத்தான உணவு இல்லை, எலும்பு வளரும் வயதில் கால் நீட்ட இடமில்லை. கம்பளம் உயர உயரப் பலகையும் உயரும். பிள்ளையின் இடுப்பு மட்டும் விரியாமல் அப்படியே நின்றுபோகும்.

அந்தச் சிறுமிகளுக்குக் கல்யாணம் ஆனது. பிள்ளை உண்டானது. குறுகிக் கோணிப்போன இடுப்பெலும்பு வழியாகக் குழந்தை வெளியே வர வழியில்லை. நாள்கணக்கில் வலியெடுத்துத் தாயும் சேயும் சேர்ந்தே போனார்கள். கெர்மானில் இருந்த ஆங்கில மிஷன் மருத்துவமனையின் மருத்துவர்கள் இதை வரிசையாகப் பார்த்தார்கள். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுக்கும் அறுவைக்கு வந்தவர்களில் கம்பளம் நெய்த பெண்கள் திரும்பத் திரும்ப இருந்தார்கள். செய்தி வெளியுலகத்துக்குப் போய், சர்வதேச தொழிலாளர் அமைப்பு ஈரான் அரசிடம் கேள்வி எழுப்பியது. 1923 இறுதியில் கெர்மான் ஆளுநர் ஓர் ஆணை பிறப்பித்தார். நாளுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை. பட்டறை தரைக்குக் கீழே இருக்கக்கூடாது. சிறுவர்கள் எட்டு வயதுக்குக் குறைந்தும் சிறுமிகள் பத்து வயதுக்குக் குறைந்தும் வேலை செய்யக்கூடாது. இருபாலருக்கும் தனித்தனிப் பட்டறை.

இந்த ஆணை சீர்திருத்தம் என்று வரலாற்று நூல்களில் வருகிறது. எட்டு வயதும் பத்து வயதும் சீர்திருத்தத்துக்குப் பிந்தைய வயது என்பதை நினைத்துப் பார்க்கிறேன். அதுவும் பட்டறைகளுக்குத்தான், தன் வீட்டில் தன் மகளைத் தறியில் உட்கார வைக்கும் தகப்பனை எந்த ஆணை தேடிப் போகும்? நூறு ஆண்டு கடந்த கம்பளத்தைத்தான் வியாபாரிகள் ‘ஆன்டிக்’ என்பார்கள். அந்தக் கணக்கில் இந்த ஆணைக்கு முந்திய கெர்மான் கம்பளங்கள் எல்லாம் இன்று ஆன்டிக். பழமை கூடக் கூட விலையும் கூடுகிறது.

எல்லாக் கம்பளமும் கூலிக்கோ முன்பணத்துக்கோ நெய்ததில்லை. துர்க்மேன் பெண்கள் தங்களுக்காக நெய்தார்கள். மணமகள் ஏறிவரும் ஒட்டகத்தின் இரு பக்கமும் தொங்கவிட ஐங்கோண வடிவில் ஒரு ஜோடி விரிப்பு. அதற்கு அஸ்மாலிக் என்று பெயர். கூடாரத்துக்குள் துணிமணி வைக்கத் தொங்கவிடும் சுவால் என்னும் பை. வாசலில் கதவுக்குப் பதிலாகத் தொங்கும் என்ஸி. தாயிடமிருந்து மகள் கற்றுக்கொண்டு, தன் கல்யாணத்துக்குத் தானே நெய்துகொண்டது. நான் படித்த அளவில், வீட்டலங்காரம் என்ற சொல்லுக்கு நேர்மையான பொருள் இங்கேதான் கிடைக்கிறது: நெய்தவளும் அவளே, அந்தக் கூடாரத்தில் வாழ்ந்தவளும் அவளே.

அந்தப் பொருள்கள் எப்படிப் பாரிஸுக்கும் பீட்டர்ஸ்பர்க்குக்கும் போயின? 1881 ஜனவரியில் ரஷ்யத் தளபதி ஸ்கோபெலெவின் படை கியோக் தெப்பே கோட்டையைப் பிடித்தது. தெக்கே துர்க்மேன்கள் ஆயிரக்கணக்கில், பெண்களும் குழந்தைகளும் உட்பட, கொல்லப்பட்டார்கள். கொள்ளையும் நடந்தது. படைக்குப் பின்னாலேயே ரயில் பாதை வந்தது. 1888இல் சமர்கந்தை எட்டியது. மந்தையும் மேய்ச்சலும் போன குடும்பங்கள் விற்பதற்கு என்ன வைத்திருந்தன? கல்யாண விரிப்புகள் சந்தைக்கு வந்தன. புகாரா நகரச் சந்தையின் வழியாக வந்ததால் மேற்கில் அவற்றுக்கு ‘பொகாரா கம்பளம்’ என்று பெயர். நெய்த இனத்தின் பெயரும் போய், விற்ற ஊரின் பெயர் தங்கிவிட்டது. ஒட்டகத்தின் விலாவில் இருந்த அஸ்மாலிக் இப்போது சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்படுகிறது. கடன்காரனுக்கும் பஞ்சத்துக்கும் சீர்ப் பாத்திரத்தை விற்ற கதை நம் பாட்டிமார் எல்லாரிடமும் உண்டு. அடகுக்கடையில் மூழ்கிய பித்தளைக் குடம் பிறகு நகரத்துப் பழம்பொருள் கடைக் கண்ணாடிக்குள் பூச்செடித் தொட்டியாக நிற்பதையும் பார்க்கிறோம்.

கம்பளச் சேகரிப்பாளர்களின் நூல்களில் ஒரு புலம்பல் அடிக்கடி வரும். 1856இல் பெர்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு, மலிவான அனிலின் சாயங்கள் ஐரோப்பாவிலிருந்து ஆசியச் சந்தைகளுக்கு வந்தன; பெண்கள் அதில் மயங்கி அவுரியையும் மஞ்சிட்டியையும் கைவிட்டார்கள், கலை சீரழிந்தது என்பார்கள். பாரசீக அரசு சட்டம் போட்டுத் தடுத்தும் பலிக்கவில்லை. சீரழிவுக்குப் பழி நெய்தவளுடைய ரசனையின்மேல். சாயத்தை ஏற்றுமதி செய்தவனையும், சதுர அடிக்கு இவ்வளவுதான் என்று விலையை அடித்தவனையும் அந்த நூல்கள் மெதுவாகத் தாண்டிப் போய்விடுகின்றன. சாயவேர் தோண்டி, ஊறவைத்து, நாள்கணக்கில் காய்ச்சும் வேலை குறைந்ததில் அவளுக்கு மகிழ்ச்சி இருந்திருக்கலாம். அதையும் யாரும் கேட்கவில்லை.

கேட்பது என்றதும் நினைவுக்கு வருவது சிக்மண்ட் ஃப்ராய்டின் கட்டில். நோயாளிகள் படுத்துப் பேசிய அந்தப் புகழ்பெற்ற சாய்கட்டிலின்மேல் விரித்திருப்பது கஷ்காய் கம்பளம். தென் ஈரானின் ஷிராஸ் பக்கத்து மேய்ச்சல் இனத்தார் கஷ்காய்கள். இடம்பெயரும்போது சுருட்டி எடுத்துச் செல்லக்கூடிய தரைத்தறியில் அவர்களுடைய பெண்கள் நெய்வார்கள். 1938இல் ஃப்ராய்ட் வியன்னாவை விட்டுத் தப்பியபோது கட்டிலும் கம்பளமும் கூடவே லண்டனுக்குப் போயின. இன்றும் அங்கே அவருடைய நினைவில்லத்தில் இருக்கின்றன. ஐரோப்பியப் பெண்கள் பலர் அதன்மேல் படுத்துத் தங்கள் மனத்தைச் சொன்னார்கள். அவர்கள் முதுகுக்குக் கீழே இன்னொரு பெண்ணின் பல மாத காலம் பேசாமல் கிடந்தது.

பளிங்குக்கு வருகிறேன். இதில் எனக்குச் சொந்த ஆர்வம் உண்டு, காரணம் மணிமேகலை. ‘பளிக்கறை புக்க காதை’யைப் பல ஆண்டுகளாக நடத்துகிறேன். உவவனத்தில் பூப்பறிக்கப் போன மணிமேகலை, உதயகுமரன் தேரில் வருவதை அறிந்து, பளிங்கால் ஆன மண்டபத்துக்குள் புகுந்து ஒளிந்துகொள்கிறாள். அந்த அறையின் இயல்பை அதற்கு முந்தைய காதையில் சுதமதி சொல்லியிருப்பாள்: உள்ளே இருப்பவரின் குரல் வெளியே வராது, உடல் மட்டும் வெளியே தெரியும். இளவரசன் அவள் உருவத்தைப் பளிங்கின் வழியே காண்கிறான், தொட முடியவில்லை. காப்பியத்தின் அழகான கட்டடம் என்று உரைகள் அதைப் பாராட்டும். பெண்ணைப் பார்க்கலாம், கேட்க முடியாது என்று ஓர் அறையைக் கட்டியவர்களின் மனம் எப்படிப்பட்டது என்று நான் மாணவிகளிடம் கேட்பதுண்டு.

காப்பியத்துப் பளிங்கு இயற்கைக் கல். லஸ்தர் விளக்கில் தொங்கும் ‘கிரிஸ்டல்’ கல்லே அல்ல, ஈயம் கலந்த கண்ணாடி. 1674இல் லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் இவ்வகைக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். ஈயம் சேர்ந்தால் கண்ணாடி கனக்கும், வெட்டுவதற்கு இளகும், ஒளியைச் சிதறடித்து மின்னும். இன்றும் ஐரோப்பிய விதிப்படி 24 சதவீதம் ஈய ஆக்சைடு இருந்தால்தான் அதை ஈயக் கிரிஸ்டல் என்று விற்கலாம். பர்மிங்ஹாமின் ஆஸ்லர் நிறுவனம் 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் கண்ணாடி நீரூற்று ஒன்றை நிறுத்திப் புகழ்பெற்றது. கல்கத்தாவிலும் கடை திறந்து மகாராஜாக்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் விளக்குகள் விற்றது. மின்னும் பட்டைகளை மெருகேற்ற ஈயமும் தகரமும் கலந்த பொடியைப் பயன்படுத்தினார்கள். பட்டை தீட்டிய தொழிலாளர்களுக்கு ஈயநஞ்சு ஏறி மணிக்கட்டு துவண்டு தொங்கிப்போனது பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. செட்டிநாட்டு வளவுகளில் தொங்கும் விளக்குகளை அண்ணாந்து பார்க்கும்போது இது நினைவுக்கு வந்துவிடுகிறது.

இயற்கைக் கற்களும் இப்போது மீண்டும் வீட்டுக்குள் வந்திருக்கின்றன. மடகாஸ்கரின் ரோஸ் குவார்ட்ஸ், பிரேசிலின் அமெதிஸ்ட். மன அமைதிக்கு என்று தலைமாட்டில் வைக்கிறார்கள். நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால் கல்லைப் பட்டை தீட்டும் வேலைக்கும் ஒரு வீடு உண்டு. நொய்யல் கரைக் கொடுமணல் அகழாய்வில் பளிங்குக் கற்களும், துளையிட்டு முடிக்காத மணிகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்து பேசும் கொடுமணம் அதுதான் என்பது ஆய்வாளர் துணிபு. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய மணித்தொழில். குஜராத்தின் கம்பாத்தில் அதேபோன்ற தொழில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அகேட், குவார்ட்ஸ் வகைக் கற்களைச் சுடுவார்கள், உடைப்பார்கள், சாணைச் சக்கரத்தில் தேய்ப்பார்கள், துளையிடுவார்கள். பெரும்பாலும் வீட்டிலும் முற்றத்திலும்தான். தேய்க்கும்போது எழும் சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்து தழும்பாகும். அந்த நோய்க்குப் பெயர் சிலிக்கோசிஸ். ஆற்றும் மருந்து கிடையாது, கூடவே காசநோயும் எளிதில் பற்றும். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்நல நிறுவனம் இதைப் பல காலமாக ஆய்ந்திருக்கிறது.

சக்கரத்தின் முன்னால் உட்காராதவர்களுக்கும் அந்தத் தூசு போகிறது. அடுப்பு அதே வீட்டில், தொட்டில் அதே வீட்டில். தொழிற்சாலையாக இருந்தால் ஆய்வாளர் வருவார், ஈட்டுத்தொகை என்ற சொல்லாவது இருக்கும். வீட்டில் வேலை செய்பவள் எந்தப் பதிவேட்டில் தொழிலாளி? புருஷனுக்கு ஒத்தாசை செய்தாள் என்பார்கள். தார் சுற்றியவளைப் பற்றியும் அதைத்தான் சொன்னார்கள்.

வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டால் எனக்கு எளிது. கைநெசவுக் கம்பளத்தை வாங்க ஆளில்லாமல் போனால் அந்தப் பெண்ணுக்கு அந்தக் கூலியும் இல்லை. வாங்குகிறவர்கள் கடையில் கம்பளத்தைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொள்ளலாம். முன்பக்கம் பூ, பின்பக்கம்தான் முடிச்சு தெரியும். சில இடங்களில் ஒரே சிவப்பு சட்டென்று வேறு சிவப்பாக மாறி, குறுக்கே ஒரு கோடு ஓடும். வியாபாரத்தில் அதற்கு ‘அப்ராஷ்’ என்று பெயர், பழமையின் அழகு என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். உண்மையில் அந்த வரிசையோடு ஒரு சாயப்பானை தீர்ந்திருக்கிறது. அடுத்த கம்பளி வர நாளாகியிருக்கும். கூட்டம் மேய்ச்சலுக்கு இடம் மாறியிருக்கலாம். வேறு வேர், வேறு தண்ணீர். தறியைப் புதிய இடத்தில் முளையடித்துக் கட்டிக்கொண்டு, அவள் கோட்டுக்கு மேலே அடுத்த வரிசையைத் தொடங்கியிருக்கிறாள்.